80-ல் போவதா, 100-ல் போவதா? சார்ஜரைக் கேளுங்கள்

கேள்வி: 45 யூனிட் பேட்டரி உள்ள மின்சார கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. மாதம் ஒரு தடவை தாம்பரத்திலிருந்து மதுரைக்கு மாமியார் வீட்டுக்குப் போகிறோம், சுமார் 440 கிலோமீட்டர். என் வீட்டுக்காரர் 80-ஐத் தாண்டவே மாட்டார், லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டு முந்துகிறார்கள். என் தம்பி ஓட்டினால் 120. ஆனால் சார்ஜ் போட மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. யார் ஓட்டினால் சீக்கிரம் போய்ச் சேருவோம்? (ஏசியை அணைக்கச் சொல்லி வேறு வீட்டுக்காரர் தொல்லை!)

பதில்: தம்பி 120-ல் போவது நான்கு வழிச் சாலையில் விதிப்படியே தப்பு. அதை விட்டுவிட்டாலும் கணக்கு அவருக்குச் சாதகமாக இல்லை.

வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் இருப்பதைவிட 100-ல் ஒன்றரை மடங்கு, 120-ல் இரண்டேகால் மடங்கு. உங்கள் அளவு காருக்கு ஏசியோடு சேர்த்து 100 கிலோமீட்டருக்கு ஆகும் செலவைத் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: 80-ல் 14 யூனிட், 100-ல் 18, 120-ல் 23. விற்கும்போது சொன்ன ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) ஏன் ஹைவேயில் கிடைப்பதில்லை என்பதற்கும் இதுதான் முக்கியக் காரணம். அந்த எண்ணைக் கணக்கிடும் எம்.ஐ.டி.சி. என்ற இந்தியச் சோதனையில் உச்ச வேகமே 90தான்.

சரி, இப்போது நேரத்துக்கு வருவோம். 80-லிருந்து 100-க்கு ஏறினால் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 15 நிமிஷம் மிச்சம், 4 யூனிட் கூடுதல் செலவு. 30 கிலோவாட் சார்ஜர் நடைமுறையில் மணிக்கு 27 யூனிட் அளவில் கொடுத்தால், அந்த 4 யூனிட் ஏற 9 நிமிஷம். ஆக, 100 லாபம். அடுத்து 100-லிருந்து 120: மிச்சம் 10 நிமிஷம்தான், ஆனால் கூடுதலாக 5 யூனிட், அதே சார்ஜரில் 11 நிமிஷம். சம்பாதித்ததைவிடக் கொஞ்சம் கூடவே போய்விடுகிறது. இதற்கு மேல் சர்வீஸ் ரோட்டில் இறங்கி, ஆப் திறந்து, முன்னால் நிற்கும் வண்டி முடியும்வரை காத்திருப்பது வேறு.

உங்கள் வீட்டுக்காரரும் முட்டாள்தனமாக ஓட்டவில்லை. வழியில் 15 கிலோவாட் பழைய சார்ஜர்தான் கிடைக்கும் என்றால் 4 யூனிட் ஏறவே 16 நிமிஷம் ஆகும், அங்கே 80-தான் சரி. நல்ல சார்ஜர் இருந்தாலும் மதுரைக்கு 100-ல் போவதால் நிகரமாகக் கிடைப்பது அரை மணிக்குள்தான். அதற்குச் சுமார் 18 யூனிட் கூடுதல். யூனிட் 20 ரூபாய் என்றால் 360 ரூபாய். அந்த அரை மணி வேண்டுமா என்பது உங்கள் வீட்டு விஷயம். என்னைக் கேட்டால் 90-95-ல் போவேன், லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

போர்டில் போட்டிருக்கும் கிலோவாட்டை நம்பிவிடாதீர்கள். 60 என்று எழுதியிருக்கும் இயந்திரத்தில் இரண்டு கன் (காரில் செருகும் முனை) தொங்கும். பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகியதும் பலவற்றில் உங்கள் திரையில் 48 என்று ஓடிய எண் 29-க்கு இறங்கிவிடும். அதேபோல 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு உட்கார்ந்திருப்பது வீண். வீட்டில் 100 வரை ஏற்றிக்கொண்டு கிளம்பி, உளுந்தூர்பேட்டை பக்கம் டிபன், திருச்சியில் காபி என்று இரண்டு இடத்திலும் 80 வரை மட்டும் போட்டுக்கொண்டு நகருங்கள்.

ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் அளவுக்குத்தான் இழுக்கும். சார்ஜ் குறைந்து அடுத்த சார்ஜர் எட்டுமா என்று பயம் வந்தால் ஏசியை அணைக்காமல் வேகத்தை 70-க்கு இறக்குங்கள். மே மாத வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு 100-ல் பறப்பதைவிட அது எவ்வளவோ தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.