ஜாவாவோடு வந்தேன், இங்கே எல்லாரும் பைத்தான் பேசுகிறார்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வெளிநாடு வந்து நான்கு மாதம். கையில் ஜாவா என்ற புரோகிராம் மொழியில் எட்டு வருட அனுபவம். புதிய டீமில் பைத்தான், கோ (Go) என்ற வேறு இரண்டு மொழிகளைத் தவிர வேறு பேச்சில்லை. "நான் கற்றது காலாவதி ஆகிவிட்டதா? எதற்கு மாறினால் இங்கே நிலைக்கலாம்? ரெஸ்யூமேயில் விஷுவல் பேசிக் பார்த்த முதல் இரண்டு வருடத்தை எடுத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விசா வேலையோடு கட்டியிருக்கும்போது இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும். எனக்கும் கெடுத்தது.

நான் 1998-ல் வந்தேன். கோபோல் என்ற பழைய புரோகிராம் மொழி தெரியும் என்பது மட்டும்தான் என் தகுதி. பழைய புரோகிராம்களில் வருடத்துக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கியிருப்பார்கள். சேமிப்பிடம் அவ்வளவு அருமையாக இருந்த காலத்தில் எழுதியவை. 1965-ல் பிறந்தவரின் வயதை 2000-ல் கணக்கிட்டால் 00-லிருந்து 65-ஐக் கழிக்கும், மைனஸ் 65 வரும். விடையை வைக்கும் இடத்தில் மைனஸ் குறிக்கு இடமில்லை, ஆகவே மைனஸ் உதிர்ந்து 65 என்று உட்கார்ந்துவிடும். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அறுபத்தைந்து! திரையில் பிழைச்செய்தி எதுவும் வராது. நாங்கள் ஆயிரக்கணக்கான வரிகளைப் புரட்டி, 50-க்குக் கீழே இருந்தால் முன்னால் 20, இல்லையென்றால் 19 என்று சேர்த்துக்கொண்டே போனோம்.

ஜனவரி 2000 அமைதியாகக் கடந்தது. மார்ச்சில் டீமைக் கலைத்தார்கள். கோபோல் செத்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆனால் 2020 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநில ஆளுநரே கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். கொரோனாவில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் மெயின்ஃப்ரேம் என்ற பழைய பெரிய கணினிகளில் குவிந்த நேரம் அது. 1959-ல் வடிவமைக்கத் தொடங்கிய மொழி!

அப்புறம்தான் எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு மொழி பிரபலமாவதும் அதில் வேலை இருப்பதும் வேறு வேறு. பிரபலம் என்பது புதிதாகத் தொடங்கும் வேலைகளுக்கு எதை எடுக்கிறார்கள் என்பது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது அதைவிடப் பல மடங்கு பெரியது, அதைத் தொடவே பயப்படுவார்கள்.

மொழிகள் மேலே வருவதும் பெரும்பாலும் தம் அழகால் அல்ல. சி மொழி 1970-களில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் தோளில் ஏறி வந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டை 1995-ல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினார். பிரவுசருக்குள் ஓட வேறு மொழி நிலைக்கவில்லை, அதனால் உலகமே அதைக் கற்றது. அப்ஜெக்டிவ்-சி 1980-களிலிருந்தே இருந்தது, ஆனால் ஐபோனுக்கு ஆப் எழுதலாம் என்று 2008-ல் திறந்துவிட்டபோதுதான் கூட்டம் வந்தது. 2014-ல் ஆப்பிளின் புதிய மொழி ஸ்விஃப்ட் வந்ததும் அந்தக் கூட்டம் நகர்ந்துவிட்டது. உங்கள் ஜாவா அலுவலக சர்வர்களைப் பிடித்துக்கொண்டு எழுந்தது, ஆண்ட்ராய்டு அதற்கு இன்னொரு வாழ்வு கொடுத்தது. இதற்கு நேர்மாறு ஏடா என்ற மொழி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் வேலைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியும், விமானம், ரயில் போன்ற துறைகளைத் தாண்டி அது பரவவே இல்லை.

பைத்தான் 1991-லேயே வெளிவந்தது. மொழிகளின் பிரபலத்தை வரிசைப்படுத்தும் டியோபி பட்டியலில் முதலிடம் பிடித்தது 2021 அக்டோபரில். முப்பது வருடம்! இடையில் அறிவியல் கணக்கு செய்பவர்கள் அதற்கு நூலகங்கள், அதாவது எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த புரோகிராம்கள், எழுதிக் குவித்தார்கள், பிறகு மெஷின் லேர்னிங் வந்து அதன்மேல் அமர்ந்தது. நம்பை (NumPy) என்ற பைத்தானின் கணக்கு நூலகத்தில் ஒரு சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் அடிப்பது ஒரு வரி பைத்தான். கீழே கணக்குப் போடுவது லாபாக் (LAPACK) என்ற பழைய கணக்கு நூலகத்தின் வழிமுறைகள்; அந்த நூலகம் எழுதப்பட்டது ஃபோர்ட்ரானில், அதாவது 1957-ல் ஐபிஎம்மிலிருந்து வந்த மொழியில். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு நிறையும்.

பட்டியல்களைப் பார்த்துக் கலங்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டியோபி எண்ணுவது தேடுபொறி முடிவுகளை. எத்தனை வேலை இருக்கிறது என்பதை அல்ல. புரோகிராமர்கள் கேள்வி கேட்கும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் ஆய்வு, பதில் சொன்னவர்களை மட்டும் எண்ணுகிறது. புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப் தன்னிடம் இருப்பவற்றைப் பார்க்கிறது. ஒரு வங்கிக்குள் பூட்டி வைத்திருக்கும் ஜாவா இவற்றில் எதிலும் சரியாகத் தெரியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜாவா காலாவதி ஆகவில்லை. ஆனால் டீம் பைத்தான் எழுதினால் நீங்களும் எழுதத்தான் வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். பைத்தானில் இரண்டு மாதத்தில் கை பழகிவிடும். கோ மொழியில் முதல் இரண்டு வாரம் எரிச்சல் வரும்: ஜாவாவில் பிழையை எறிந்து எங்கேயோ பிடிப்போம், அங்கே ஃபங்ஷன் பிழையையும் ஒரு மதிப்பாகத் திருப்பிக் கொடுக்கும், ஒவ்வொரு முறையும் கூப்பிட்ட இடத்திலேயே பார்க்க வேண்டும். அதை ஜாவா மாதிரி ஆக்கப் பார்க்காமல் அவர்கள் எழுதுகிறபடியே எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் (திரெட்கள்) ஒன்றோடொன்று மோதுவது, மெமரி நிரம்புவது, டேட்டாபேஸ் மெதுவாவது, இவற்றை எட்டு வருடம் பார்த்த கண் உங்களுக்கு இருக்கிறது. மொழி மாறினாலும் அந்தக் கண் கூட வரும். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் வாயைத் திறந்து பேசுங்கள். புதிதாக வந்த இடத்தில் அமைதியாக இருந்தால் ஒன்றும் தெரியாதவர் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் நான் ஒரு வருடம் இழந்தேன்.

ரெஸ்யூமேயிலிருந்து விஷுவல் பேசிக்கை எடுக்காதீர்கள். 2000-ல் நான் கோபோலை அழித்துவிட்டு ஜாவா மட்டும் போட்டேன், ஆறு மாதம் ஒரு அழைப்பும் இல்லை. சந்தையும் அப்போது மோசம்தான். திரும்பச் சேர்த்த பிறகு கிடைத்த வேலை, கோபோலைப் படித்து ஜாவாவில் எழுதுவது. இரண்டையும் படிக்கத் தெரிந்தவர் அந்த அறையில் நான் ஒருவன்தான். விஷுவல் பேசிக் 6-க்கு மைக்ரோசாஃப்ட் 2008-லேயே ஆதரவை நிறுத்திவிட்டது, ஆனாலும் அதில் எழுதியவை இன்னும் ஓடுகின்றன. மொழியின் பெயரை மட்டும் போடாமல், அந்த மென்பொருள் என்ன செய்தது, நீங்கள் எதைச் சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.