வாசகர் கேள்வி – பதில்: தீவுக்குப் போகும் மகள்

கேள்வி: செவிலியர் படிப்பை முடித்த என் மகளுக்கு மாலத்தீவில், தலைநகரிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஒரு சிறு தீவில் வேலை கிடைத்திருக்கிறது. கடலை இரண்டு முறை மட்டுமே பார்த்த பெண் அவள். அங்கே ஆசிரியராக இருந்தவர் நீங்கள், அவள் தாங்குவாளா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தாங்குவாள் அம்மா. கடல் பயம் பத்து நாளில் போய்விடும். வேலூரிலிருந்து போன புதிதில் என்னை வியக்க வைத்தது குடிநீர்தான். அந்நாட்டில் ஆறு என்பதே கிடையாது. ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளில் 200க்கும் குறைவானவற்றில்தான் மக்கள் வாழ்கிறார்கள். பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். அதனால் மழைநீரைத் தொட்டிகளில் பிடித்து வைத்துக் குடிக்கிறார்கள். மாலே நகரில் 2014 டிசம்பரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தபோது, இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போக வேண்டியிருந்தது. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கக் குடத்தில் மொண்டு வளர்ந்த நமக்கு அந்தச் சிக்கனத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நான் வாளியை அரைக்குமேல் நிரப்பாததைக் கவனித்துத்தான் வீட்டுக்கார அம்மாள் என்னிடம் முதன்முதலாகப் பேசினார்.

ஊர் மிகச் சிறியதாக இருப்பதுதான் கடினம். என் தீவை அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். காலையில் தும்மினால், மாலையில் மூன்று பேர் உடம்பு எப்படி என்று விசாரிப்பார்கள். முதல் ஆண்டு அதை வேவு என்று எண்ணிக்கொண்டு, நம்மூர் ஆசிரியர்கள் நால்வருடன் கதவைச் சாத்தி, சாம்பார் வைத்துச் சாப்பிட்டு, ஊரை நினைத்து ஏங்கிக் கிடந்தேன். அது என் பிழை. தேங்காய்த் துருவலும் சூரை மீனும் வெங்காயமும் பிசைந்த ‘மஸ் ஹுனி’யை அந்த அம்மாள் ரொட்டியோடு கொடுத்தனுப்பிய பிறகே கதவைத் திறந்து வைக்கத் தொடங்கினேன். படகை அவர்களும் ‘தோணி’ என்றே சொல்வதைக் கேட்டதும் திவேஹி மொழியின்மேல் இருந்த அச்சம் பாதி குறைந்தது. வலமிருந்து இடமாகச் செல்லும் அதன் தானா எழுத்துகளை என் மாணவர்களிடமே படித்தேன். எங்கே வலிக்கிறது என்று அவர்கள் மொழியில் கேட்க உங்கள் மகள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளட்டும்.

வார விடுமுறை வெள்ளியும் சனியும். ரமலான் பகலில் பிறர் முன்னே உண்ணலாகாது. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுசெல்லத் தடை உண்டு என்பதால் பெட்டியில் எதையும் ஒளித்து வைத்து அனுப்பாதீர்கள். வள்ளிமலை முருகன் அவள் மனத்தில் இருந்தால் போதும். காய்கறி படகில்தான் வரும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் சீறினால் அதுவும் தாமதமாகும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு மட்டும் அங்கே மாற்று எதையும் நான் காணவில்லை. அவள் விடுமுறைக்கு வரும் அன்று அதை வாங்கி வையுங்கள்.