அம்மா காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை

கேள்வி: அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரில் வசிக்கிறோம். கும்பகோணத்திலிருந்து என் பெற்றோர் வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். கைத்தடியோடு சமதளத்தில் பத்து நிமிடம் நடப்பார், படி என்றால் தயங்குவார். அப்பாவுக்கு 76. நன்றாக நடப்பார், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அக்டோபரில் ஒரு வாரம் கிராண்ட் கேன்யன், பிரைஸ் கேன்யன், ஜயான் ஆகிய தேசியப் பூங்காக்களுக்குக் காரில் போக ஆசைப்படுகிறோம். "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்கிறார் அம்மா. அவரை வருத்தாமல் எப்படித் திட்டமிடுவது?

பதில்: அம்மா சொன்ன அந்த வார்த்தையை இயன்முறை மருத்துவராக எத்தனையோ குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். என் அப்பாவும் அதையேதான் சொன்னார். அவரை முதன்முதலில் பிரைஸ் கேன்யனுக்கு அழைத்துப் போனபோது, எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து பள்ளத்தாக்கின் விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்துத் திரும்பும்வரை அவர் கார் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து ஒரு பயணத்தை நான் மைல்களால் அளப்பதில்லை. கார்க் கதவிலிருந்து காட்சி வரை எத்தனை அடி, தரை தார் போட்டதா மண்ணா, ஏற்றமா சமமா, நடுவில் உட்கார இடம் உண்டா என்றுதான் பார்க்கிறேன். உங்கள் திட்டமும் அங்கிருந்து தொடங்கட்டும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று இடங்களும் இதற்கு ஏற்றவை. நம் ஊர் மலைக்கோயில்களைப் போல ஏறினால்தான் தரிசனம் என்ற நிலை இங்கே இல்லை. கிராண்ட் கேன்யனிலும் பிரைஸிலும் சாலையே விளிம்பை ஒட்டிப் போகிறது. மேலே நின்று கீழே பார்ப்பதுதான் காட்சி. ஜயானில் பள்ளத்தாக்கின் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம்.

முதல் வேலை, ஒரு சக்கர நாற்காலி. "அம்மா நடக்கிறாரே, அது எதற்கு?" என்று தோன்றும். பத்து நிமிடம் நடப்பவர் என்றால் ஐந்து நிமிடம் போய் ஐந்து நிமிடம் திரும்பலாம், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தைக் கார் நிறுத்தத்தைக் கடப்பதில் செலவழித்துவிட்டால் விளிம்பில் நிற்கக் கால் இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து போய், காட்சிமுனையில் எழுந்து நின்று, விரும்பிய மட்டும் நடந்து, களைத்தால் மறுபடி உட்காரட்டும். சென்னை விமான நிலையத்தில் வீல்சேரில் வரக் கூச்சப்படாத அம்மாக்கள்கூட, பேரப்பிள்ளைகள் முன்னால் அதில் உட்கார மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சத்தை மதித்துப் பொறுமையாகப் பேசுங்கள்.

நான்கும் சிறு சக்கரங்களாக உள்ள இலேசான நாற்காலியைக் காரில் ஏற்றுவது எளிது. ஆனால் வெளியே, தார்ப்பாதையின் வெடிப்பிலும் சரளையிலும் அது சிக்கி நிற்கும். பின்சக்கரம் பெரிதாக உள்ளதை வாடகைக்கு எடுங்கள்; மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, தள்ளுபவர் பின்னோக்கி நடந்து இறங்க வேண்டும். இல்லையென்றால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். காட்சிமுனையில் நின்றதும் பிரேக் போடாமல் கையை எடுக்காதீர்கள். கிராண்ட் கேன்யன் விளிம்பின் பெரும்பகுதியில் தடுப்புக் கம்பி கிடையாது.

காரைப் பொறுத்தவரை, உயரமான எஸ்யூவியில் ஏறுவதும் தாழ்ந்த காரிலிருந்து எழுவதும் முழங்காலுக்கு ஒன்றுபோலத் தண்டனை. இருக்கை அம்மாவின் இடுப்பு மட்டத்தில் இருக்க வேண்டும். மினிவேன் பெரும்பாலும் பொருந்தும். முதலில் பக்கவாட்டாக உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து வைத்தால் திரும்புவது எளிது. வண்டி கிளம்பும் முன் அதை எடுத்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கியே ஆக வேண்டும். நம் அம்மாக்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்வார்கள். அந்த உலர்ந்த உயரமான நிலத்தில் அது ஆபத்து. எங்கே நிறுத்துவோம் என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள், குடிப்பார்.

இனி, தூங்கும் இடம். தினம் ஓர் ஊர், தினம் ஓர் அறை என்று போவதுதான் இத்தகைய பயணங்களைக் கெடுக்கிறது. புது அறையில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து கழிப்பறையைத் தேடும்போதுதான் பெரியவர்கள் விழுகிறார்கள். அதனால் இரண்டே தங்குமிடங்கள் போதும் என்பேன்: கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் இரண்டு இரவுகள், யூட்டா மாநிலத்தின் கனாப் என்ற சிற்றூரில் நான்கு இரவுகள். கனாபிலிருந்து பிரைஸ் ஒன்றரை மணி நேரம், ஜயான் ஒரு மணி நேரத்துக்குள்.

கனாபைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உயரம். ஃபீனிக்ஸ் ஏறக்குறைய 1,100 அடியில் இருக்கிறது. தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி, அதாவது கொடைக்கானல். பிரைஸின் கடைசிக் காட்சிமுனையான ரெயின்போ பாயிண்ட் 9,115 அடி, நம் தொட்டபெட்டாவைவிட உயரம். அங்கே நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். கனாப் ஏறக்குறைய 5,000 அடிதான். பகலில் பிரைஸுக்கு ஏறிப் பார்த்துவிட்டு இரவு கீழே இறங்கித் தூங்குவது இருவருக்கும் நல்லது. அப்பாவின் மருத்துவரிடம் இந்த உயரங்களைச் சொல்லி, மாத்திரைகளைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள்.

அறை பதிவு செய்யும்போது தரைத்தளம் என்று கேட்டால் மட்டும் போதாது. இங்குள்ள விடுதிகளில் ஷவர் பெரும்பாலும் குளியல் தொட்டிக்குள்தான் இருக்கும். அதன் விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பது அம்மாவுக்கு மலையேற்றம். மாற்றுத்திறனாளி அறை என்று பெயரிட்டு, அதே தொட்டியில் ஒரு கைப்பிடியை மட்டும் பொருத்தியிருப்பதும் உண்டு. எனவே தொலைபேசியில் அழைத்து, தடுப்பு இல்லாமல் சக்கர நாற்காலியோடு உள்ளே போகக்கூடிய ஷவர் இருக்கிறதா, உட்கார்ந்து குளிக்க இருக்கை இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். குளியலறைக்கு ஒரு குவளையும் இரவு விளக்கும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

கிராண்ட் கேன்யனில் பலருக்கும் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. தெற்கு விளிம்பில் மேற்கே செல்லும் ஏழு மைல் ஹெர்மிட் சாலையில் மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை சொந்தக் கார்களுக்கு அனுமதியில்லை. இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். ஆனால் நடப்பதில் சிரமம் உள்ளவர்கள் இருக்கும் காருக்குத் தனி அனுமதிச் சீட்டு தருகிறார்கள். பூங்காவின் நுழைவாயிலிலோ பார்வையாளர் மையத்திலோ கேட்டு வாங்கலாம். அதை வைத்து ஹெர்மிட் சாலையிலும், சூரிய உதயத்துக்குப் பேர்போன யாக்கி பாயிண்ட்டுக்கும் உங்கள் காரிலேயே போகலாம். கேட்டால்தான் கிடைக்கும், கேட்க மறக்காதீர்கள். பேருந்தில் போனாலும் குறையில்லை. சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பலகை இருக்கிறது.

அந்தச் சாலையில் எனக்கு மிகவும் பிடித்தது பீமா பாயிண்ட். காற்று அடங்கிய நேரத்தில், ஏறக்குறைய ஒரு மைல் ஆழத்தில் ஓடும் கொலராடோ ஆற்றின் இரைச்சல் அங்கே மேலே கேட்கும். அதைக் கேட்க நடக்க வேண்டாம், பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நம்மில் அதிகம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது முதலில் கேட்கும். அதன் அருகே, சாலையின் மேற்குக் கோடியில், விளிம்பையொட்டி 2.8 மைல் நீளத்துக்கு அகலமான தளம் போட்ட பாதை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பகுதி மட்டும் நாற்காலியைத் தள்ளிப் போனால் போதும். யாவபாய் புவியியல் அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். குளிர்காற்று வீசினாலும், பெரிய கண்ணாடிச் சன்னல்களுக்குப் பின்னால் நின்று பள்ளத்தாக்கை முழுதாகப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் கனாபுக்குக் கிளம்பும்போது கிழக்கே டெசர்ட் வியூ சாலை வழியாகப் போங்கள். இது கார்களுக்குத் திறந்தே இருக்கும். இதில் லிப்பன் பாயிண்ட்டில் ஆறு நன்றாகத் தெரியும். கோடியில் கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932இல் கட்டி முடித்த கல்கோபுரம் இருக்கிறது. மேல் மாடங்களுக்குப் படிகள் மட்டுமே. அப்பா ஏறட்டும், அம்மாவுக்கு அடிவாரத்திலேயே காட்சி உண்டு. அன்றைய மொத்த ஓட்டம் நான்கு மணி நேரத்துக்கு மேல். அதனால் மறுநாளைக் கனாபில் ஓய்வுக்கு விடுங்கள். அந்த நாளைப் 'பயன்படுத்திக்கொள்ள' இன்னோர் இடத்தைச் சேர்க்கும் ஆசை வரும். சேர்க்காதீர்கள்; ஐந்தாம் நாள் அம்மா சிரித்த முகத்தோடு பிரைஸுக்குக் கிளம்புவது அந்த ஓய்வினால்தான்.

கனாபுக்குப் போகும் வழியில் பேஜ் ஊரருகே, கொலராடோ ஆறு குதிரை லாடம்போல் வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் இருக்கிறது. பாதையைச் சீராக்கி, காட்சிமுனைக்குத் தடுப்புக் கம்பியும் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு வழிக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல், நிழல் குறைவு, திரும்பும்போது ஏற்றம். தள்ள இருவர் இருந்தால் போகலாம். அதே ஊரருகே உள்ள குறுகிய பாறைப் பிளவான லோயர் ஆன்டலோப் கேன்யனில் இரும்பு ஏணிகளில் ஏறி இறங்க வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம்.

பிரைஸில் ஒரு சின்ன உத்தி. பதினெட்டு மைல் சாலையில் காட்சிமுனைகள் எல்லாம் கிழக்குப் பக்கம். போகும்போது எங்கும் நிற்காமல் கோடிவரை போய்விட்டுத் திரும்பி வரும்போது நின்று நின்று பாருங்கள். எல்லா முனைகளும் வலக்கைப் பக்கம் வரும், எதிரே வரும் வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டாம். இயற்கைப் பாலம் என்று பெயர் பெற்ற செம்பாறை வளைவைக் கார் நிறுத்தத்தை ஒட்டியே பார்த்துவிடலாம். கடைசியாக, சன்செட் பாயிண்ட்டுக்கும் சன்ரைஸ் பாயிண்ட்டுக்கும் இடையிலுள்ள அரை மைல் விளிம்புப் பாதை. தளம் போட்டது, ஏறக்குறைய சமம், ஆங்காங்கே பெஞ்சுகள். ஆயிரக்கணக்கான செந்நிறக் கல்தூண்கள் கீழே கூட்டமாக நிற்பதை அங்கிருந்து பார்க்கலாம். என் அப்பாவை இரண்டாம் முறை நாற்காலியில் அழைத்துப் போனது இங்கேதான். திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கிறது என்றார்.

ஜயானுக்குக் கனாபிலிருந்து கிழக்கு வாயில் வழியாகப் போவீர்கள். 1930இல் திறந்த 1.1 மைல் சுரங்கப்பாதை, கட்டம் போட்டதுபோல் கோடுகள் ஓடும் வெள்ளைப் பாறை மலை ஆகியவை காருக்குள்ளிருந்தே கிடைக்கும் காட்சிகள். உள்பள்ளத்தாக்குச் சாலையில் அக்டோபரில் இலவசப் பேருந்து மட்டுமே. அதிலும் சக்கர நாற்காலியை ஏற்றலாம். கார் நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும், முன்னதாகப் போங்கள். பார்வையாளர் மையத்தருகே தொடங்கும் பரூஸ் பாதை வர்ஜின் ஆற்றோரமாக 1.7 மைல் போகிறது. தார் போட்டது, அகலமானது. அதில் விரும்பிய இடம்வரை போய்த் திரும்புங்கள். நீங்கள் மலை ஏற ஆசைப்பட்டால், அப்பா அம்மாவோடு ஆற்றங்கரையில் இருக்கும் நேரத்தில் போய்வரலாம்.

கட்டணத்தில் கவனம் வேண்டும். 62 வயது நிரம்பியவர்களுக்கான சலுகை பாஸும் மாற்றுத்திறனாளிகளுக்கான இலவச பாஸும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. சுற்றுலா விசாவில் வந்த பெற்றோருக்கு இல்லை. தவிர, 2026 ஜனவரி 1 முதல் 11 பூங்காக்களில், 16 வயது நிரம்பிய வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு வழக்கமான கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. உங்கள் மூன்று பூங்காக்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. வெளிநாட்டவருக்கான ஆண்டு பாஸ் 250 டாலர், இங்கு வசிப்போருக்கு 80. ஒரே காரில் இருவகையினரும் இருப்பதால், வாங்கும் முன் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் விதியைப் படித்துவிடுங்கள். மாற்றுத்திறனாளி வாகன நிறுத்த அட்டைக்கு இந்தியச் சான்றிதழ் உதவாது. உள்ளூர் மருத்துவரின் சான்றோடு மாநில மோட்டார் வாகன அலுவலகத்தில் கேளுங்கள்.

கடிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் யூட்டா அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். நடுவில் கடக்கும் நவஹோ பழங்குடியினரின் பகுதியும் அப்படியே. கைப்பேசி முன்னும் பின்னும் தாவும். மாத்திரை நேரத்துக்கு அம்மாவின் கைக்கடிகாரம் ஃபீனிக்ஸ் நேரத்திலேயே இருக்கட்டும். கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் அறுந்துபோகும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். இரவில் பிரைஸ் பக்கம் உறைபனி விழும். கம்பளிச் சால்வை பெட்டியில் மேலாகவே இருக்கட்டும்.

புறப்படும்வரை அம்மாவை நாள்தோறும் காலையும் மாலையும் ஒரு நாற்காலியிலிருந்து பத்து முறை மெல்ல எழுந்து உட்காரச் சொல்லுங்கள். வலி கூடினால் நிறுத்திவிடலாம். வாடகை நாற்காலியை ஒரு வாரம் முன்னதாகவே எடுத்து, அந்த வாரச் சனிக்கிழமை வீட்டருகே உள்ள பூங்காவுக்கு அவரை அதில் அழைத்துப் போங்கள். யார் தள்ளுவது, கால்தாங்கியை எப்படி மடக்குவது, காரில் எந்தப் பக்கம் ஏற்றுவது என்பதெல்லாம் அங்கே பழகிவிடும். "எனக்கு எதற்கு இது?" என்ற சண்டையும் அங்கேயே நடந்து முடியட்டும்.