'நெக்ஸ்ட் ஆஃப் கின்' கட்டத்தில் யார் பெயர்?

தம்பி, இங்கிலாந்தில் ஜி.பி. (குடும்ப டாக்டர்) பதிவுப் படிவத்தில் உள்ள 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' என்றால் வாரிசா, மதுரையில் இருக்கும் அப்பா பெயரை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

'கின்' பழைய சொல். இரத்த உறவு, குலம் என்று பொருள். பேச்சில் 'ஃபேமிலி' என்பார்களே தவிர 'மை கின்' என்று யாரும் சொல்வதில்லை. 'கித் அண்ட் கின்' என்ற ஜோடியிலும் இதுபோன்ற படிவங்களிலும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கித்' முன்பு தெரிந்த ஊரையும் தெரிந்த மனிதரையும் குறித்தது. நம் 'உற்றார் உறவினர்' மாதிரிதான்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழோடு இதைக் குழப்பாதீர்கள். இங்கிலாந்தில் அந்தக் கட்டத்தில் பெயர் இருப்பதால் சொத்தும் வராது, கடனும் வராது. கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரி பில் நம் தலையில் விழும் என்று கோயில் வாசலில் பயமுறுத்தும் பெரியவர்களை நம்பாதீர்கள். அது அவசரத்துக்குக் கூப்பிட ஓர் ஆள், அவ்வளவே. நண்பர் பெயரும் எழுதலாம், அவரிடம் கேட்டுவிட்டு. ராத்திரி 2 மணிக்கு அழைத்தால் எடுப்பவராக, ஒரு மணி நேரத்தில் வந்து சேரக்கூடியவராக இருக்கட்டும். அப்பாவின் எண்ணை இரண்டாவதாகக் கொடுங்கள்.

உறவுமுறைக் கட்டத்தில் 'கசின் பிரதர்' என்று எழுதினால் நர்ஸ் திரும்பக் கேட்பார்: கசினா, பிரதரா? மாமா மகன், பெரியப்பா மகன் எல்லாருமே வெறும் 'கசின்'. மனைவியின் தம்பி 'பிரதர் இன் லா'. நம் 'மச்சான்' மாமா மகனுக்கும் மனைவியின் தம்பிக்கும் பொருந்தும், ஆங்கிலத்தில் அப்படி ஒரே சொல் கிடையாது.

நீங்கள் நினைவிழந்து கிடந்தால் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் அதிகாரமும் அந்தக் கட்டத்தில் பெயர் உள்ளவருக்குக் கிடையாது. 2005ஆம் வருட மனத்திறன் சட்டப்படி, உங்கள் நலன் எது என்று டாக்டர்தான் முடிவெடுப்பார். உறவினரிடம் கருத்துக் கேட்பார். மனைவிக்கே இதுதான் நிலை. அவருக்கு அதிகாரம் வேண்டுமென்றால் 'லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி', அதாவது உங்களால் முடியாதபோது உங்களுக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம், எழுதிப் பதிவு செய்யுங்கள். உடல்நலத்துக்கு ஒன்று, பணம், சொத்துக்கு வேறொன்று. பலருக்குப் பத்திரம் திரும்பி வருவது கையெழுத்து வரிசை தவறுவதால்தான்: முதலில் நீங்கள், அடுத்து நீங்கள் புரிந்துதான் எழுதுகிறீர்கள் என்று சான்று தருபவர், கடைசியில் அதிகாரம் பெறுபவர். தேதி முன்பின் ஆனால் போச்சு. சான்று தருபவர் குடும்பத்தவராக இருக்கக்கூடாது. உங்களை 2 வருடமாவது நன்றாக அறிந்தவரோ, டாக்டர், வக்கீல் போன்றவரோ வேண்டும். உங்கள் கையெழுத்துக்கு அதிகாரம் பெறுபவரே சாட்சி போடவும் கூடாது. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

ஜி.பி.யிடம் எண்ணை மாற்றினால் ஆஸ்பத்திரிப் பதிவிலும் தானாக மாறும் என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் வரவேற்பில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.