கப்பலின் முகப்பில் ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

பிலிப்பைன்ஸ் கடற்படையின் ‘லோலினாட்டோ தோ-ஓங்’ என்ற ரோந்துப் பீரங்கிப் படகைப் பற்றி அண்மையில் படித்தேன். இஸ்ரேலிய வடிவமைப்பு, மணிக்கு 40 கடல் மைலுக்கும் மேல் வேகம், 30 மில்லிமீட்டர் துப்பாக்கி. பெயருக்கு உரியவர், 2000ஆம் ஆண்டு மிண்டனாவோ சண்டையில் இறந்த, மரைன் எனப்படும் கடற்படையின் தரைப் போர்ப் பிரிவைச் சேர்ந்த ஒரு லெப்டினன்ட். படித்து முடித்ததும் மனம் ஒப்பவில்லை. தரையில் குண்டடிபட்டு இறந்தவரின் பெயரை, சுடுவதற்கென்றே கட்டிய படகின் முகப்பில் எழுதுவது அவருக்கு மரியாதையா? அரசுகள் இதைவிட மலிவாக நன்றிக்கடன் தீர்க்க முடியுமா? படகு பழையதாகி உடைக்கப்படும்போது அந்தப் பெயர் என்ன ஆகும்?

க., திருச்சி

அன்புள்ள க.,

‘மலிவாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனாலும் பெயரிடும் வழக்கத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

நீங்கள் படித்த படகு அசெரோ வகையைச் சேர்ந்தது. அந்த வகைப் படகுகளுக்கு, மரைன் பிரிவில் நாட்டின் உச்ச வீரப்பதக்கம் பெற்றவர்களின் பெயர்களைச் சூட்டுகிறார்கள். அவர்கள் ஜனாதிபதிகளோ தளபதிகளோ அல்லர். களத்தில் முன்வரிசையில் நின்ற சிப்பாய்களும் இளநிலை அதிகாரிகளும். எனக்கு இது பெரிய விஷயம். நம் செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். மன்னனின் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்கும் கல்வெட்டு, அடுத்த வரியில் எந்த ஊர்த் தொறுவை மீட்கப்போய் யார் பட்டான் என்று சொல்லிவிடும். மகேந்திரவர்மனின் பெயர் இருக்கும் அதே கல்லில், மாடு மீட்கப்போன ஒருவனின் பெயரும் இருக்கிறது.

படகில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. எங்கே, எதற்காக இறந்தார் என்பது இல்லை. அந்தக் குறை உண்மை. தோ-ஓங் விஷயத்தில் அது இன்னும் உறுத்துகிறது. அவர் இறந்தது, தெற்குப் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களான மோரோக்களின் கிளர்ச்சி அமைப்பான மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கு எதிரான சண்டையில். அந்த அமைப்புடன் 2014இல் அமைதி ஒப்பந்தம் ஏற்பட்டது. 2019இல் அமைந்த பாங்சமோரோ தன்னாட்சிப் பகுதியின் இடைக்கால நிர்வாகத்துக்கு அவர்களே தலைமை ஏற்றார்கள். படகு வந்ததோ 2022இல். சொந்தக் குடிமக்களுடன் நடந்த சண்டையின் நினைவைச் சமாதானம் ஆனபிறகு கடலில் ஓடவிடுவது சரியா என்று ஒரு மோரோ இளைஞர் கேட்டால், அவருக்குச் சொல்ல என்னிடம் முழுமையான பதில் இல்லை.

ஆனால் தென்கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இறந்தவர்கள் மரைன்கள் அல்லர், ரோந்துப் படகின் மாலுமிகள். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அங்கே விடை கிடக்கிறது.

2002 ஜூன் 29. உலகக் கோப்பைக் கால்பந்தில் மூன்றாம் இடத்துக்காக அன்று மாலை தென்கொரியா துருக்கியுடன் ஆட வேண்டும். நாடே அந்த ஆட்டத்துக்குக் காத்திருந்தது. காலை பத்தரை மணிவாக்கில், மேற்குக் கடலில் யோன்பியோங் தீவுக்கு அருகே, எல்லை தாண்டி வந்த வடகொரிய ரோந்துப் படகை மறிக்க 357 என்ற எண்ணுடைய படகு விரைந்தது. அந்த எல்லை, 1953இல் ஐ.நா. படைத் தலைமை வகுத்த கோடு. வடகொரியா அதை ஏற்கவில்லை. நண்டுப் பருவம் வந்தால் மீன்பிடிப் படகுகள் கோட்டை ஒட்டிக் குவியும். பின்னாலேயே இரு தரப்பு ரோந்துப் படகுகளும் வந்துவிடும்.

அப்போதைய விதியில் ஐந்து படிகள் இருந்தன. ஒலிபெருக்கியில் எச்சரிக்க வேண்டும். எதிரே பாய்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். குறுக்கே போய் மறிக்க வேண்டும். பிறகு எச்சரிக்கைச் சூடு. அதற்கும் பிறகுதான் குறிபார்த்துச் சுடலாம். மூன்றாவது படியில்தான் எமன் இருந்தான். குறுக்கே மறிக்கும் படகு எதிரியின் பீரங்கிக்குத் தன் விலாவைக் காட்டித்தான் ஆக வேண்டும். 357 விதியை மீறவில்லை, விலாவைக் காட்டியது. எதிரே 85 மில்லிமீட்டர் பீரங்கி. முதல் குண்டே சுக்கான் அறைப் பக்கம் பாய்ந்தது.

தலைவர் யூன் யோங்-ஹா தொடக்கத்திலேயே வீழ்ந்தார். துணைத்தலைவர் லீ ஹீ-வான், கால் சிதைந்த நிலையிலும் தலைமையை ஏற்றுச் சண்டையை நடத்தினார். பின்னர் வலது காலை இழந்தார். 20 மில்லிமீட்டர் துப்பாக்கிகளில் இருந்த ஜோ சோன்-ஹியோங்கும் ஹ்வாங் தோ-ஹ்யோனும் அந்த இருக்கைகளிலேயே இறந்தார்கள். சோ ஹு-வோன் மறைப்பு இல்லாத மேல்தளத்தில் இயந்திரத் துப்பாக்கியுடன் நின்றவர். மருத்துவ உதவியாளர் பாக் தோங்-ஹ்யோக் கட்டாயப் பணிக்காலத்தில் இருந்த இளைஞர். காயம்பட்டவர்களைத் தேடித் தளத்தில் ஓடிக்கொண்டிருந்த அவர் உடலில் நூற்றுக்கும் மேற்பட்ட உலோகச் சிதறல்கள் பாய்ந்தன. 84 நாட்கள் மருத்துவமனையில் போராடி செப்டம்பர் 20 அன்று இறந்தார். சுக்கான் பிடித்த ஹான் சாங்-குக்கை அன்று காணவில்லை. இழுத்து வரும் வழியில் படகு மூழ்கிவிட்டது. 41 நாட்களுக்குப் பிறகு, முக்குளிப்பவர்கள் அவர் உடலைச் சுக்கான் அறையில் கண்டெடுத்தார்கள். ஆறு பேர் மரணம், 18 பேர் காயம். சண்டை நடந்தது சுமார் அரை மணி நேரம்.

அதன்பிறகு ஐந்து படிகள் மூன்றாகக் குறைக்கப்பட்டன. குறுக்கே மறிக்கும் படி போய்விட்டது. அடுத்து வந்த ரோந்துப் படகு, 37 மீட்டர் நீளமுள்ள 357ஐப் போன்றதாக இல்லை: 63 மீட்டர், 76 மில்லிமீட்டர் பீரங்கி, கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள், நீர்த்தாரை உந்துவிசை. தொலைவில் நின்றே பதில் சொல்லக்கூடிய படகு. முதல் படகு 2007 ஜூன் 28 அன்று, ஐந்தாம் நினைவு நாளுக்கு முந்தைய நாளில், நீரில் இறக்கப்பட்டது. அதற்கு யூன் யோங்-ஹா என்று பெயர். அடுத்த ஐந்துக்கும் மற்ற ஐவரின் பெயர்கள். எண்கள் 711 முதல் 717 வரை. நடுவில் 714 கிடையாது. நான்கை ராசியில்லாத எண்ணாக அங்கே நினைக்கிறார்கள்.

இதனால்தான் இந்தப் பெயரிடலை நான் மதிக்கிறேன். அந்த ஆறு பேரையும் கொன்ற குறைகள் எவையோ, அவை பெருமளவு நீங்கிய படகில் அவர்கள் பெயர் இருக்கிறது. அதில் ஏறும் இளம் மாலுமிக்கு அந்தப் பெயர் நேரடியாக உயிர்க்காப்பு சம்பந்தப்பட்டது. அவருடைய தலைக்குமேல் இருக்கும் பீரங்கியின் அளவு வரை அதில் அடங்கியிருக்கிறது.

இந்த வரிசையிலும் மனம் கொதிக்கும் ஓர் இடம் உண்டு. இரண்டாவது படகுக்கு ஹான் சாங்-குக்கின் பெயர், சுக்கான் அறையில் கிடைத்த அந்த மனிதரின் பெயர். 2010இல் சோதனை ஓட்டத்தின்போது அந்தப் படகு அதிவேகத்தில் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போனது. குறையைச் சரிசெய்யும் வரை ஒப்படைப்பு தள்ளிப்போனது. யார் பெயரை எழுதுகிறோம் என்ற நினைப்பு இருந்தால், அந்தப் படகின் ஒவ்வோர் ஆணியையும் இரண்டு முறை சோதித்திருக்க வேண்டாமா?

இனி, மலிவு பற்றி. சண்டைக்கு மறுநாள் ஜனாதிபதி கிம் தே-ஜுங் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்காக ஜப்பான் சென்றார். இறந்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அவர் வரவில்லை. வடகொரியாவுடன் இணக்கம் தேடிய அவருடைய கொள்கையை நான் மதிப்பவன். ஆனால் சமாதானத்தை விரும்புகிறவர் அந்தச் சவப்பெட்டிகளின் முன் நின்றிருக்கலாம். அதனால் சமாதானம் கெட்டுப்போயிருக்காது. அந்நாளைய சட்டத்தில் போரில் மடிந்தவர்களுக்கெனத் தனி இழப்பீடு இல்லை. பணியில் இறந்தவர்களுக்கான தொகையே கிடைத்தது. 2004இல் சட்டம் திருத்தப்பட்டது, ஆனால் முன்தேதியிட்டுப் பொருந்தாது என்று இந்த ஆறு பேரையும் விட்டுவிட்டார்கள். சண்டைக்கு ‘இரண்டாம் யோன்பியோங் கடற்போர்’ என்ற பெயர் கிடைத்தது 2008இல். நினைவு நாளில் பதவியிலிருந்த ஜனாதிபதி ஒருவர் முதன்முதலாகக் கலந்துகொண்டது 2012இல். தனிச் சட்டம் வழியாக இழப்பீடு நடைமுறைக்கு வந்தது 2018இல். முதல் படகில் பெயர் வந்து பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான் பணம் வந்தது. அந்த அளவில் உங்கள் குற்றச்சாட்டு நிரூபணமாகிறது.

ஆனால் மறுபக்கத்தையும் யோசியுங்கள். ஆறு கப்பல்கள் அந்தப் பெயர்களோடு கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ‘அவர்கள் போரில் இறந்தவர்கள் ஆக மாட்டார்கள்’ என்று ஓர் அதிகாரி எத்தனை நாள் கோப்பை மூடி வைக்க முடியும்? மலிவாகக் கொடுத்த பெயரைக் குடும்பங்கள் கையில் பிடித்துக்கொண்டு மீதியைக் கேட்டன என்றே நான் நினைக்கிறேன். கால் இழந்த லீ ஹீ-வான் 2023 டிசம்பரில், முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் அமைச்சகத்தில் துணை அமைச்சரானார்.

கடைசிக் கேள்வி, உடைப்புக்குப் போகும் படகு. 357ஐ உடைக்கவில்லை. 2002 ஆகஸ்டில் கடலிலிருந்து தூக்கி, பியோங்தேக் கடற்படைத் தளத்தில் குண்டுத் துளைகளோடு நிறுத்தியிருக்கிறார்கள். சியோல் போர் நினைவகத்தில் அதே அளவில் ஒரு மாதிரி இருக்கிறது. என்றாவது சியோல் போக வாய்த்தால் பார்த்துவிட்டு வாருங்கள். பெயரை அடுத்த கப்பலுக்குக் கொடுப்பதும் அங்கே உண்டு. 2010 மார்ச்சில் செயோனான் என்ற போர்க்கப்பல் மூழ்கி 46 பேர் இறந்தார்கள். நீர்மூழ்கியிலிருந்து வந்த டார்பிடோதான் காரணம் என்று பன்னாட்டு விசாரணைக் குழு முடிவு செய்தது. செயோனான் என்பது ஒரு நகரத்தின் பெயர்தான். 2023 மே மாதம் அதே பெயரில் புதிய கப்பல் பணியில் சேர்ந்தது. அதன் பின்னால் நீண்ட கம்பிவடத்தில் சோனார் இழுத்துச் செல்லப்படுகிறது, தொலைவில் வரும் நீர்மூழ்கியை முன்கூட்டியே கேட்பதற்காக. பழைய செயோனானில் அது இல்லை.

அன்புடன்.