குரலில் தெரியும் கோபம்: கேள்வி பதில்

நாகர்கோவிலில் பேச்சுப் பயிற்சி அளிக்கும் ஒருவர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

குளச்சல் வாசகி: நான் தஞ்சாவூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கடலுக்குப் போகும் என் மாமனார் சாதாரணமாகப் பேசினாலும் சண்டை போலவே கேட்கிறது. அவர் கோபக்காரரா?

பதில்: இதை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்யாதீர்கள், அம்மா. இரைச்சலில் பேசுபவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விளக்கினார். அப்போது சத்தத்தின் அளவான உரப்பு மட்டுமன்றிச் சுருதியும் கூடும், உயிரொலிகளும் நீளும். அலையும் வள்ளத்தின் இன்ஜினும் இரையும் இடத்தில் பல்லாண்டு பேசியவருக்கு அந்த அளவே பழக்கமாகியிருக்கலாம், செவித்திறனும் குறைந்திருக்கலாம். கோபத்திலும் உரப்பும் சுருதியும் உயர்வதால்தான் உங்கள் காது மயங்குகிறது. அவருடைய அன்றாடக் குரலை அளவாக வைத்துக்கொண்டு, அது மாறும்போது மட்டும் கவனியுங்கள். காதுப் பரிசோதனைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: பொய் சொல்பவரைக் குரலால் கண்டுபிடிக்கலாமா?

பதில்: நம்பத்தக்க வழி இல்லை. குரல் நடுங்கினால் அது அச்சமாக இருக்கலாம். அந்த அச்சம் பொய்யால் வந்ததா, நீங்கள் கேட்ட தோரணையால் வந்ததா என்பதைக் குரல் சொல்லாது.

முட்டம் வாசகர்: குளச்சல் சகோதரிக்குச் சொன்னதை நான் ஏற்கவில்லை. என் அப்பா கரைக்கு வந்த பிறகும் கத்துவார். கோபத்துக்குக் கடலைச் சாக்காக்காதீர்கள்.

பதில்: கடற்கரையில் எவருக்கும் கோபமே வராது என்று நான் எழுதவில்லை. உங்கள் தந்தை எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவாரா?

முட்டம் வாசகர்: கூட்டாளிகளிடம் மெதுவாகப் பேசுவார். அம்மாவிடம் மட்டும்தான் கத்துவார்.

பதில்: அப்படியானால் நீங்கள் சொல்வதே சரி. பழக்கத்தால் உயர்ந்த குரல் ஆள் பார்த்து உயராது.

தக்கலை வாசகர்: மொழி தெரியாதவருடைய உணர்ச்சியும் குரலில் புரியுமா?

பதில்: ஓரளவு புரியும். உளவியலாளர் கிளாஸ் ஷெரர் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மன் நடிகர்கள் பொருளற்ற சொற்களை உணர்ச்சியுடன் பேசியதை ஒன்பது நாட்டினர் கேட்டனர். சராசரியாக 66 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தன; ஜெர்மன் மொழிக்குத் தொலைவான மொழியினரிடம் அது குறைந்தது. ஆயினும் நடித்த கோபம் வேறு, வீட்டில் அடக்கிய கோபம் வேறு.

குழித்துறை வாசகர்: கடன் வாங்கியவர் பொய் சொல்கிறாரா என்று போனில் அறிய வழி உண்டா?

பதில்: மார்த்தாண்டத்துக்கு எழுதியதைப் படியுங்கள்.

நாகர்கோவில் வாசகி: பக்கவாதத்துக்குப் பின் அம்மா ஏற்ற இறக்கமின்றிப் பேசுகிறார். எங்கள்மீது வெறுப்பா?

பதில்: வெறுப்பென்று கொள்ளாதீர்கள். மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டால், உணர்ச்சி இருந்தும் குரலில் அது ஏறாமல் போகலாம். நரம்பியல் மருத்துவரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். அதுவரை, என்ன தோன்றுகிறது என்று அம்மாவிடமே வாய்விட்டுக் கேளுங்கள்.