வேலையற்றவர்களா?

கேள்வி: கடவுளுக்கு எந்தக் குணத்தையும் ஏற்றிச் சொல்லக்கூடாது என்று யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதினாராம். கிறிஸ்தவத் துறவி தாமஸ் அக்வினாஸ் அதை மறுத்தாராம். வேலையற்றவர்களின் இந்த வாதத்தால் மனிதனுக்கு என்ன பயன்?

பதில்: யாரை வேலையற்றவர் என்கிறீர்கள்? 'குழம்பியோருக்கு வழிகாட்டி' என்ற தமது தத்துவ நூலை எபிரேயத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சாமுவேல் இப்ன் திப்போனுக்கு 1199இல் மருத்துவரான மைமோனிடிஸ் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு அந்தச் சொல்லை எழுதியிருக்கலாம். நேரில் வந்தாலும் தனியே ஒரு மணி நேரம்கூடப் பேச முடியாது என்கிறார் அதில். வீடு எகிப்தின் பழைய நகரான ஃபுஸ்தாத்தில், அரண்மனை அருகிலுள்ள கெய்ரோவில். தினமும் காலையில் போய் அரண்மனை நோயாளிகளைப் பார்க்க வேண்டும். உச்சிப்பொழுதுக்குப் பிறகு பசியோடு திரும்பினால் கூடம் நிறைய யூதரும் பிறரும், பிரபுக்களும் எளியவரும் காத்திருப்பார்கள். அவர்களிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுச் சிறிது உண்பார்; ஒரு நாளைக்கு அது ஒன்றுதான் உணவு. இரவில் உட்கார முடியாமல் படுத்தபடியே மருந்து சொல்வார். குடும்பத்துக்காக வணிகம் செய்த தம்பி டேவிட், இதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தியக் கடலில் மூழ்கி இறந்திருந்தார். அந்தத் துயரத்தில் அண்ணன் ஓராண்டுக்குக் குறையாமல் படுக்கையில் கிடந்தார். தத்துவம் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பலமுறை மோதியிருக்கிறேன். இனியும் மோதுவேன்.

வாதத்துக்கு வருவோம். கடவுளை ஞானி என்று புகழும்போது நமது ஞானத்தையே பெரிதாக்கி அவர்மேல் ஏற்றுகிறோம் என்று அஞ்சினார் மைமோனிடிஸ். அறியாமை இல்லாதவர், உடல் இல்லாதவர் என்று விலக்கிச் சொல்லலாம், அவரது செயல்களைச் சொல்லலாம், அதற்குமேல் கூடாது. அக்வினாஸ் இதற்கு இணங்கவில்லை. நன்மைக்குக் காரணமாக இருப்பதால் கடவுளை நல்லவர் என்றால், உடல்களுக்கும் அவரே காரணம், அவரை உடல் என்றும் சொல்லலாமே என்று கேட்டார். கடவுளிடம் உள்ள நன்மையை நம் சொல் உண்மையாகவே தொடுகிறது, முழுதாகப் பிடிப்பதில்லை என்பது அவர் முடிவு.

மறுக்கும்போது மைமோனிடிஸை 'ரபி மோசே' என்று பெயர் சொல்லி மறுக்கிறார். 1242இல் யூதரின் சமய நூலான தல்மூதின் பிரதிகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்த பாரிஸில், சில ஆண்டுகளுக்குள் படித்து, பிறகு கற்பித்தவர் அக்வினாஸ். எரிப்பதற்கும் படித்து மறுப்பதற்கும் உள்ள தூரத்தை நம் மேடைப் பேச்சாளர்கள் ஒருநாள் அளந்து பார்க்க வேண்டும்.

மனிதனுக்கு என்ன பயன் என்றீர்கள். இருவரும் பேசியதே மனிதனைப் பற்றியும்தான். கடவுளின் சாயலில் மனிதன் படைக்கப்பட்டான் என்ற வேதவாக்கில் சாயல் என்பது அறிவே, உருவம் அன்று என்று தொடங்குகிறது மைமோனிடிஸின் அந்த வழிகாட்டி நூல். மறு உலகில் உடலே கிடையாது என்றும் எழுதினார். உடலோடு உயிர்த்தெழுதலை மறுக்கிறார் என்று பழி வந்தது. 1191இல் தனிநூல் எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பகலெல்லாம் நோயுற்ற உடல்களைத் தொட்டுப் பார்த்தவர் உடலற்ற நிலையை விரும்பியதில் எனக்கு வியப்பில்லை.

அக்வினாஸோ, பவுலின் முதல் கொரிந்தியர் கடிதத்துக்கு எழுதிய உரையில், 'என் ஆன்மா நான் அல்ல' என்றார். ஆன்மா மட்டும் தப்பினால் மனிதன் தப்பியதாகாது; உடலும் சேர்ந்தால்தான் அவன் ஆள். இதில் நான் அக்வினாஸ் பக்கம். கடவுளைப் பற்றிய பேச்சில் மைமோனிடிஸ் பக்கம். கடவுளின் விருப்பம் இன்னதென்று தினமும் மேடையில் அறிவிப்பவர்களைக் கேட்கக் கேட்க அந்தப் பக்கம் இன்னும் உறுதியாகிறது.